நாம் கழுவிய ஜாடி

இன்று காலை எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார்கள். கழுவி முடித்துத் தண்ணீர் விட்டதும் சமையலறைக் குழாயைத் திறந்தேன். குப்பென்று பிளீச்சிங் பவுடர் வாசனை. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயோ அத்தை, மூடுங்கோ" என்றாள். எனக்கு மூட மனம் வரவில்லை. நாவலூரில் இத்தனை மாடிக்கு மேலே நிற்பவளுக்கு, செங்கல்பட்டு வீட்டு முற்றத்தில் நீ டியூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. உன் கையில் எப்போதும் அந்த வாசனைதான். தலையில் மல்லிகை வைத்துக்கொண்டாலும் அதைத் தாண்டித்தான் மல்லிகை மணக்கும்.

பிள்ளை வேலைக்குப் பக்கம் என்று இங்கே வந்துவிட்டோம். கொண்டுவந்த சாமான்களில் பாதியை மருமகள் சத்தமில்லாமல் கழித்துவிட்டாள். ஜாடியை மட்டும் தொட விடவில்லை. பால்கனி மூலையில், துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில் வாஷிங் மெஷின். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் இருக்கின்றன, புதுச் சம்பந்திகள் மாதிரி.

நினைத்துப் பார்த்தால் நம் சிநேகமே அந்த ஜாடியில் ஆரம்பித்ததுதான். ஒரே முற்றம், எதிரெதிரே இரண்டு போர்ஷன், நடுவில் ஒரு கிணறு, ஒரு துவைக்கிற கல். இந்தப் பக்கம் நான். திருக்கழுக்குன்றத்தில் கோயில் மடைப்பள்ளிச் சமையல் பார்த்த வீட்டுப் பெண், ரயில்வே ஸ்டேஷனில் வேலை பார்ப்பவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அந்தப் பக்கம் நீ. அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். உன் வீட்டுக்காரர் முட்டுக்காட்டில் படகு ஓட்டுகிறவர். உங்கள் அப்பாவும் அம்மாவும் கடற்கரைப் பக்கத்துக் கிராமத்தில் ஊரார் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள் என்பதை முதல் வாரமே நீயே சொல்லிவிட்டாய். நான் கேட்கவில்லை. அப்புறம் தெரிந்து நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கு, இப்போதே தெரிந்து திருப்பிக்கொள்ளட்டும் என்று நினைத்தாயாம். பிற்பாடு நீ சொன்னதுதான்.

ஜாடி என் கல்யாணச் சீர். இடுப்பு உயரம், மேலே தேன் நிறம், கீழே வெள்ளை. பெரிய குடும்பத்துக்கு வருஷ ஊறுகாய் போடுகிற அளவு. வீட்டில் நாங்களோ மூன்றே பேர். ஒரு வருஷம் மாவடு போட்டுவிட்டு, அதைத் தின்று தீர்க்கிற வழி தெரியாமல் தெருவெல்லாம் கொடுத்தேன். அதற்குப் பிறகு அது மூலையில் காலியாகவே கிடந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு அக்டோபர் மாதம், கிறிஸ்துமஸுக்கு நீ வழக்கமாக ஒயின் போடுகிற ஜாடியைப் பூனை உருட்டி உடைத்துவிட்டது. கூடை நிறைய பன்னீர் திராட்சையை வாங்கி வைத்துவிட்டு என் வாசலில் வந்து நின்றாய்.

"உன் ஜாடிய குடேன்டி. கழுவி குடுத்துடறேன்."

ஒயின் என்றதும் எனக்கு முதலில் பகீரென்றது. அப்புறம் காலியாகக் கிடந்த ஜாடிக்கு ஒரு வேலை வந்ததே என்று சந்தோஷமாகவும் இருந்தது. நீ டியூட்டிக்கு ஓடவேண்டியிருந்தது. "நீ போ, ஜாடியை நான் தயார் பண்ணி வைக்கிறேன்" என்று வீராப்பாகச் சொன்னேன். ஊறுகாய் ஜாடி தயார் பண்ணுவதில் எங்கள் வீட்டுப் பெண்களை மிஞ்ச ஆளில்லை. கழுவி, வெயிலில் காயவைத்து, ஒரு கரண்டி நெருப்பில் கட்டிப் பெருங்காயத்தைப் போட்டு, கிளம்புகிற புகையின் மேல் ஜாடியைக் கவிழ்த்துவிட வேண்டும். புகை உள்ளே சுற்றிச் சுற்றி நிற்கும். அப்படிச் செய்த ஜாடியில் பூஞ்சை எட்டிக்கூடப் பார்க்காது. இரண்டு கட்டியாகவே போட்டேன். சிநேகிதிக்காக ஆயிற்றே.

உனக்கு அன்றைக்கென்று பலத்த ஜலதோஷம். மூக்கு ஒன்றும் சொல்லவில்லை. பழத்தைப் பிசைந்து, சர்க்கரையும் கோதுமையும் போட்டு, ஒரு சிட்டிகை ஈஸ்ட் தூவி மூடிவிட்டாய். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வடிகட்டி முதல் தம்ளரை உன் வீட்டுக்காரரிடம் நீட்டினாய். அவர் ஒரு வாய் வைத்துக்கொண்டு உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தம்ளரைப் பார்த்தார்.

"இன்னாமே இது? ரசத்துக்கு இன்னும் தாளிக்கலியா?"

முற்றத்தில் உட்கார்ந்து நீ சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கோ பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஆனால் நீ சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாய்.

"ஆனா பாத்தியா, கெட்டே போவல. ஒரு பொட்டு பூஞ்சை கெடையாது. உங்க புகை பேஜாரான புகைதான்டி."

என்னைத் தேற்றுவதற்காகச் சொன்ன வார்த்தை இல்லை அது. மெய்யாகவே வியந்தாய். ஜாடிக்குள் தலையை விட்டு முகர்ந்து பார்த்து, எப்படிப் புகை போட்டேன், எவ்வளவு நேரம் கவிழ்த்தேன் என்றெல்லாம் கேட்டாய். கெட்டுப்போகாமல் இருப்பது என்பது உனக்கு ஒரு அதிசயம். தியேட்டரில் அத்தனை வருஷம் வேலை பார்த்த பிறகும் அந்த அதிசயம் உனக்குப் பழகிப்போகவில்லை. உன்னைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட முதல் பிரமிப்பு அதுதான்.

அடுத்த வருஷம் ஜாடியைச் சேர்ந்தே கழுவினோம். கழுவினோம் என்று ஒரு வார்த்தையில் சொல்கிறேன். அது ஒரு நாள் உற்சவம். முதலில் வாஷிங் சோடா கரைத்த வெந்நீரில் ஊறவைத்து, நார் போடாமல் மெத்தென்ற துணியால் உட்புறத்தை வழித்து வழித்துத் தேய்த்தாய். நான் தேங்காய் நாரை எடுத்தபோது கையில் ஒரு அடி போட்டாய். நாரால் கீறினால், அந்தக் கீறலுக்குள் கிருமி குடித்தனம் வைக்குமாம். சாமானின் மேல் அழுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும்போது நேராக மருந்துத் தண்ணீரை ஊற்றுவதைப் போல முட்டாள்தனம் எதுவும் கிடையாது என்பாய்.

"கழுவறது வேற, கிருமி சாவடிக்கிறது வேற. அழுக்கு போவாத எடத்துல மருந்து போயி இன்னா பண்ணும்? அதும் மேலயே ஒக்காந்துகினு வந்துடும்."

விரலால் தேய்த்தால் ஜாடி கீச்சென்று கத்த வேண்டும். அதுதான் உன் கணக்கு. வழுக்கினால் மறுபடியும் முதலிலிருந்து. அப்புறம்தான் பிளீச்சிங் தண்ணீர். அதை ஊற்றிவைத்துவிட்டுப் போய் நாஸ்தா பண்ணுவோம். நீ இட்லி வைத்திருப்பாய், நான் மிளகாய்ப்பொடி கொண்டுவருவேன். திரும்பி வந்து, கொதித்து ஆறிய தண்ணீரால் அலசுவோம். பிளீச்சிங் வாசனை மூக்கில் துளிகூட வராதவரை அலச வேண்டும். அந்த வாசனை மிச்சம் இருந்தால் ஈஸ்டும் செத்துப்போகும். கடைசியில் ஜாடிக்குப் பழக்கமாகிற மாதிரி முதலில் வெதுவெதுப்பு, அப்புறம் சூடு, அப்புறம் கொதிக்கிற தண்ணீர். ஆவி பறக்கும் ஜாடியை இரண்டு பேரும் துணியால் பிடித்துக் கவிழ்ப்போம்.

நான் இடுப்பில் செருகியிருந்த துண்டை எடுத்து ஜாடி விளிம்பைத் துடைக்கப் போனேன். ஒரே கத்தல்.

"தொடைக்காத! தானா காயட்டும். இத்தினி நேரம் கொன்னத எல்லாம் அந்தத் துண்டுல இருந்து திரும்ப வெச்சி அப்பப் போறியா?"

உன் கையையும் நீ துடைத்துக்கொள்ள மாட்டாய். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, விரல்கள் மேலே பார்க்க, இரண்டு கையையும் தூக்கிப் பிடித்தபடி நிற்பாய். தண்ணீர் விரலிலிருந்து முழங்கைக்கு இறங்கி அங்கிருந்து சொட்டும். எதையும் தொடமாட்டாய். கதவைத் தோளால் தள்ளுவாய். முகத்தில் ஈ உட்கார்ந்தால் என்னை விரட்டச் சொல்வாய். எங்கள் அம்மா மடியில் இருக்கும்போது இப்படித்தான் எதிலும் பட்டுக்கொள்ளாமல் நடப்பாள். அதை உன்னிடம் சொன்னேன். மடி என்றால் என்ன என்று நீ கேட்டாய். குளித்துவிட்டு, கொடியில் உயரத்தில் யாரும் தொடாமல் உலர்த்திய புடவையைக் கோலால் எடுத்துக் கட்டிக்கொண்டு, சமையல் முடிகிறவரை யாரையும் எதையும் தொடாமல் இருப்பது என்று விளக்கினேன். நீ பொறுமையாகக் கேட்டாய்.

"தியேட்டர்லயும் அதேதான்டி. ஒரே ஒரு வித்தியாசம். உங்க மடியில ஆளத் தள்ளி வெப்பீங்க. எங்க மடியில கிருமியத் தள்ளி வெப்போம்."

கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாய்.

ஆனால் என் மடியிலிருந்தும் உனக்கு ஒன்று கிடைத்தது. ஜாடியின் வாயை நீ அதுவரை ஒரு தட்டால் மூடிக்கொண்டிருந்தாய். நான் ஊறுகாய்க்குச் செய்கிற மாதிரி, மெல்லிய வெள்ளைத் துணியைக் கொதிக்கவைத்து, கொடியில் உயரத்தில் போட்டு, கோலால் எடுத்து, ஜாடி வாயில் இறுக்கி வேடு கட்டிக் காட்டினேன். காற்று போய்வரும், தூசி போகாது, கொசு போகாது. நீ அந்த வேட்டை விரலால் தட்டிப் பார்த்தாய். மேளம் மாதிரி தொம்மென்றது. "இது நம்ம தியேட்டருக்கு வேணுமேடி" என்றாய். அதற்குப் பிறகு கழுவுவது உன் முறை, வேடு என் முறை.

அம்மா ஒரு தடவை என்னைப் பார்க்க வந்தபோது, நீ இப்படிக் கையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடியில் நின்றாய். அம்மா ஜன்னல் வழியாக உன்னையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருடி அது? இந்தக் காலத்துல இவ்வளவு மடியா இருக்காளே. யாராத்துப் பொண்ணு?"

நான் சொன்னேன். அம்மா உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகும் அவள் உன் வீட்டில் தண்ணீர் குடித்ததில்லை. அது உனக்கும் தெரியும். ஆனால் சொன்ன வார்த்தையை அவள் திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை.

ஜாடி வேலை செய்கிற நாட்களை எப்படி எழுதுவது? பழம் போட்ட மறுநாள் ஒன்றும் இருக்காது. அதற்கடுத்த நாள் நீ என்னைக் கூப்பிட்டு, "காத வையி" என்பாய். வேட்டின் பக்கத்தில் காதை வைத்தால், மெல்லிய மழை ஓலையில் விழுகிற மாதிரி ஒரு சத்தம். உள்ளே யாரோ கும்பலாக ரகசியம் பேசுகிறார்கள். ஜாடியின் வயிற்றில் கையை வைத்தால் வெதுவெதுப்பு. நெருப்பில்லை, வெயிலில்லை, அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? எனக்கு உடம்பு சிலிர்த்துப்போகும். கோயில் கர்ப்பக்கிருகத்துக்கு முன்னால் நின்றபோதுகூட அப்படிச் சிலிர்த்ததா என்று தெரியாது. சொன்னால் சாமி கோபித்துக்கொள்ளாது என்றுதான் எழுதுகிறேன்.

"எங்கேர்ந்துடி வரது இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"பழத்தோலுலயே கொஞ்சம் கீது. நாம கொஞ்சம் போட்றோம். அவங்க ரொம்ப சாது. வேற யாராச்சும் உள்ள இருந்தா வளர மாட்டாங்க. அதான் எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு, வூட்ட சுத்தம் பண்ணி வெச்சிட்டு, வாங்கன்னு கூப்புடறோம். அப்பால நம்ம வேல ஒண்ணுமே இல்ல. கைய கட்டிகினு நிக்கணும்."

கண்ணுக்குத் தெரியாதவர்களை வெளியே அனுப்பி, கண்ணுக்குத் தெரியாதவர்களுக்கு இடம் பண்ணிக் கொடுப்பது. இரண்டையும் நாம் பார்க்கப் போவதில்லை. சுத்தம் என்பதே நம்பிக்கைதான் என்று எனக்கு அங்கேதான் புரிந்தது.

இதில் வேடிக்கை, நாம் இரண்டு பேருமே அதை ஒரு சொட்டு குடித்ததில்லை. எனக்குக் கோயில் வீட்டுப் பழக்கம். உனக்கு, டாக்டருக்குக் கத்தி எடுத்துக் கொடுக்கிற கை நடுங்கக் கூடாது என்கிற வைராக்கியம். இவ்வளவு பாடுபட்டதன் தீர்ப்பை உன் வீட்டுக்காரர் ஒருவர்தான் சொல்லவேண்டும். அவரோ வருஷாவருஷம் ஒரு வாய் குடித்துவிட்டு, "ம். கீது" என்பார். அவ்வளவுதான். நன்றாக இருக்கிறதா, இல்லையா என்று அந்த மனுஷனிடமிருந்து பிடுங்க முடியவில்லை.

இப்படியே வருஷங்கள் போயின. இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து ஒரு ஆடி மாதம், உன் கையில் நீலம் நீலமாகத் தடம் இருந்ததைப் பார்த்தேன். எங்கே இடித்துக்கொண்டாய் என்றேன். இடிக்கவில்லை என்றாய். பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறது என்றாய். அதைச் சொல்லும்போது உன் முகத்தைப் பார்த்து, உனக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள்.

மருந்து ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். தலைமுடி போய்விட்டது. முகத்தில் துணி மாஸ்க். ரத்தத்தில் கிருமியோடு சண்டைபோடுகிற வெள்ளை அணுக்கள் அநேகமாக ஒன்றுமில்லை, அவை திரும்ப வளர்கிறவரை ஒரு சின்னக் காய்ச்சல் வந்தாலும் ஆபத்து என்று டாக்டர் சொன்னதை உன் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார். வெளிச் சாப்பாடு கூடாது. பச்சையாக எதுவும் கூடாது. அவருக்குப் படகும் வலையும்தான் தெரியும், அடுப்பு தெரியாது. "யக்கா, எனக்கு இன்னா பண்றதுன்னே புரியல" என்று முற்றத்தில் நின்று அழுதார். நான் சமைக்கிறேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். என் கையால்தான் நீ இருக்கப்போகிறாய் அல்லது போகப்போகிறாய் என்று அங்கேதான் உறைத்தது.

நான் வாசலில் நின்று உன்னை எட்டிப் பார்த்தேன். உள்ளே வரப் போனவளைக் கையைக் காட்டி நிறுத்தினாய். கண் மட்டும் சிரித்தது.

"தொடாத. இப்ப நான்தான்டி மடி."

நான் வாசற்படியிலேயே நின்றேன். நீயே மேலே சொன்னாய்.

"ஜாடி மாதிரிதான் என்னையும் பண்ணிட்டாங்க. நல்லது கெட்டது எல்லாத்தயும் உள்ள இருந்து கழுவி ஊத்திட்டாங்க. இனிமே உள்ள நல்லது மட்டும் வளரணும். அதுக்குள்ள வேற யாரும் பூந்துடக் கூடாது. உனக்குத்தான் தெரியுமே, எப்பிடி கழுவணும்னு."

தெரியும். அழுக்குப் போகத் தேய்த்து, கீச்சென்று கத்துகிறவரை அலசி, கொதிக்கிற தண்ணீரில் தட்டையும் தம்ளரையும் ஸ்பூனையும் முக்கி, இடுக்கியால் எடுத்து, துடைக்காமல் கவிழ்த்து வைத்தேன். முழங்கை வரை கை கழுவி உன்னைப் போலவே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிணற்றடியில் குளித்து, கொடியில் உயரத்தில் காய்ந்த புடவையைக் கோலால் எடுத்துக் கட்டிக்கொண்டுதான் உன் அடுப்பைப் பற்றவைத்தேன். அம்மா சாமிக்கு நைவேத்தியம் பண்ணுகிறபோது இருந்த அதே மடி. பெண்ணே, உனக்குச் சொல்லாததை இப்போது சொல்கிறேன். அந்த நாட்களில் நான் உனக்குச் சமைக்கவில்லை. உள்ளே ஏதோ ஒன்று பிறந்துகொண்டிருந்ததே, அதற்குச் சமைத்தேன். எனக்கு அதன்மேல் பயமும் இருந்தது, பக்தியும் இருந்தது.

அக்டோபர் வந்தது. கடைத்தெருவில் பன்னீர் திராட்சை வந்துவிட்டது என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். உடனே பிடித்துக்கொண்டாய், இந்த வருஷமும் போட வேண்டும் என்று. நான் முடியவே முடியாது என்றேன். ஈஸ்ட் நிறைந்த ஜாடி உனக்குப் பக்கத்திலேயே வரக்கூடாதே. நீ விடவில்லை.

"நீ போடு. உன் வூட்டுப் பக்கம் வெய்யி. நான் இங்க இருந்து பாக்கறேன். ஒரு வருசம் வுட்டுட்டா ஜாடி மறந்துடும்டி."

ஜாடி மறந்துவிடுமாம். நீ மறைத்துக்கொண்ட வார்த்தை வேறு என்று எனக்குத் தெரியாதா?

உன் ஜன்னலில் கண்ணாடியைச் சாத்திக்கொண்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தாய். நான் முற்றத்தில் தனியாக ஜாடியைக் கழுவினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையாலேயே அதட்டினாய். இங்கே தேய், அங்கே விட்டுவிட்டாய், இன்னும் அலசு. கடைசியில் நான் விரலால் ஜாடியைத் தேய்த்தபோது கீச்சென்ற சத்தம் உனக்குக் கேட்டிருக்காது. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு தலையை ஆட்டினாய். ஒவ்வொரு நாளும் ஜாடியைக் கிண்டிவிட்டு வந்து, மறுபடி தலைக்குக் குளித்து, மறுபடி வேறு புடவை கட்டி, அப்புறம்தான் உன் கஞ்சியை வைப்பேன். முற்றத்தின் ஒரு பக்கத்தில் ஜாடி, எதிர்ப்பக்கத்தில் நீ. இரண்டுக்கும் நடுவில் ஈரத் தலையோடு நான் நடந்துகொண்டிருந்தேன். இரண்டு இடத்திலும் கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ வளர்கிறதா என்று காத்திருந்தேன்.

அப்போதுதான் உனக்குக் காய்ச்சல் வந்தது.

மத்தியானச் சாப்பாட்டுத் தட்டை எடுக்க வந்தவளிடம், தெர்மாமீட்டரை நீயே பார்த்துவிட்டு, "அவர வரச் சொல்லு" என்றாய். உன் வீட்டுக்காரர் கார் பிடித்து உன்னைச் சென்னைக்கு அழைத்துக்கொண்டு போனார். போகும்போது நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் நீ சாப்பிட்ட தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ரசத்துக்குப் போட்ட கரண்டியை இடுக்கியால்தான் எடுத்தேனா? தம்ளரைக் கவிழ்த்த துணியைக் கொதிக்கவைத்தேனா? ஜாடியைத் தொட்ட பிறகு தலைமுடியைத் தொட்டேனா? ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து ஒவ்வொன்றிலும் சந்தேகப்பட்டேன். என் கணவர், "நீ என்ன கடவுளா, அத்தனையும் தடுக்க" என்றார். நல்லதற்குத்தான் சொன்னார். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

ஜாடி மட்டும் பேசிக்கொண்டே இருந்தது. அதன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது வெதுவெதுப்பாக இருக்கிறவரை நீ இருப்பாய் என்று எனக்குள் ஒரு கிறுக்கு நம்பிக்கை. பிள்ளையாரிடமும் வேண்டிக்கொண்டேன், உங்கள் ஏசுவிடமும் வேண்டிக்கொண்டேன். அவரிடம் எப்படிப் பேசுவது என்று பழக்கமில்லாததால், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி நேராகக் கேட்டேன்.

நீ திரும்பி வந்தாய். காய்ச்சல் இறங்கிவிட்டது. வெள்ளை அணுக்கள் ஏறிவிட்டன. முற்றத்தில் மாஸ்க்கை இறக்கிவிட்டு நின்றாய். நான் உன் கையைப் பிடித்தேன், எத்தனையோ நாளுக்குப் பிறகு. வெதுவெதுப்பாக இருந்தது. ஒன்றுமே இல்லாத இடத்தில், எல்லாவற்றையும் கழுவி ஊற்றிய இடத்தில், தானாக ஏதோ வந்து வளர்ந்து உன்னை நிறுத்தியிருந்தது. ஜாடிக்கு முன்னால் சிலிர்த்ததெல்லாம் அந்தச் சிலிர்ப்புக்குப் பக்கத்தில் நிற்காது. அந்தக் காய்ச்சல் எதனால் வந்தது என்று நீ சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. கேட்டுவிடுவோமோ என்று பயந்தேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஜாடியைத் திறந்தோம். மாதுளை முத்து மாதிரி தெளிவாக இருந்தது. உன் வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்தார். "ம். கீது" என்றார். நாம் எழுந்துவிட்டோம். அப்புறம் தம்ளரைப் பார்த்துக்கொண்டே, "நல்லா கீது" என்றார். நீ என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

அதற்குப் பிறகு இரண்டு கிறிஸ்துமஸ் கிடைத்தன. இரண்டு தடவையும் நீயே தேய்த்தாய், நானே வேடு கட்டினேன். மூன்றாவதற்கு முன்னால் அந்த நோய் திரும்பி வந்துவிட்டது.

கடைசியாக உன்னைப் பார்க்க மின்சார ரயிலில் வந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் கை கழுவி, வார்டு வாசலில் கை கழுவி, கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தேன். நீ அதைப் பார்த்துச் சிரித்தாய். குரல் மிகவும் இறங்கியிருந்தது. குனிந்து, ஜாடிக்கு வைக்கிற மாதிரி, உன் வாயருகே காதை வைத்தேன். நான் கேட்காத கேள்விக்கு நீயாகவே பதில் சொன்னாய். அத்தனை நாளும் அது என்னை அரித்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரிந்திருக்கிறது.

"கழுவுனதுல ஒரு கொறையும் இல்லடி. அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல. ஜாடி சுத்தமாத்தான் கீது. பழந்தான் சரியில்ல."

அதைச் சொல்ல உனக்கு எவ்வளவு மூச்சு செலவாயிற்று என்று நான் பார்த்தேன்.

இப்போதும் அக்டோபர் வந்தால் ஜாடியைக் கழுவிப் பழம் போடுகிறேன். மருமகளுக்கு நான் ஒரு மாதிரி என்று முடிவாகிவிட்டது. பிள்ளை ஏதோ மருந்துப் பொட்டலம் வாங்கி வந்து, "இதைக் கரைச்சு ஊத்தினா போறும்மா, அலசவே வேண்டாம்" என்றான். வாங்கி அலமாரியில் வைத்தேன். கிறிஸ்துமஸுக்கு ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு முட்டுக்காட்டுக்குப் போகிறேன். உன் வீட்டுக்காரர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். தலை முழுக்க வெளுத்துவிட்டது. ஒரு வாய் குடித்துவிட்டு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "ம். கீது" என்கிறார். நான் இன்றுவரை ஒரு சொட்டு ருசி பார்த்ததில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது? காதை வைத்தால் எனக்குத் தெரியும்.

இன்று காலை அந்தக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். விரல்கள் மேலே பார்க்க இரண்டு கையையும் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். தண்ணீர் முழங்கைக்கு இறங்கித் தரையில் சொட்டியது. மருமகள், "என்ன அத்தை, குழாயைக் கும்பிடறேளா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. கை காயறது."

அவள் துண்டை நீட்டினாள். நான் வாங்கிக்கொள்ளவில்லை. கை சுத்தமாகத்தான் இருக்கிறது. நீ சொல்லியிருக்கிறாய்.